அம்பாசடர், மோரிஸ் மைனர் செல்ஃப் மோட்டார்: கார்பன், புஷ், பெண்டிக்ஸ் மாற்றுவது எப்படி

பழைய அம்பாசடரில் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) சோர்ந்துபோனால் பெரும்பாலான ஷெட்களில் நடப்பது ஒன்றுதான். மோட்டாரைக் கழற்றுவார்கள், சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் நான்கு கார்பனை மாற்றுவார்கள், துடைத்துப் பூட்டித் தருவார்கள். கொஞ்ச நாள் நன்றாக எடுக்கும். பிறகு அதே முனகல் திரும்பிவிடும். ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுற்றும் பகுதியை, முனைகளில் தாங்கும் புஷ்ஷை யாரும் பார்க்காததே இதற்குக் காரணம். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் இடம் விலகி, சுற்றியிருக்கும் போல்ஷூவில் (ஃபீல்டு காயிலைப் பிடிக்கும் இரும்புத் துண்டு) உரசும். உரசினால் வேகம் குறையும், கரண்ட் கூடும், கார்பன் தொட்டு ஓடும் செம்பு வளையமான கம்யூடேட்டர் சூடாகும், புதுக் கார்பனும் சீக்கிரம் தேயும். கடைசியில் வைண்டிங்கே போய்விடும். எனவே இந்த மோட்டாரைத் திறந்தால் கார்பன், புஷ், எஞ்சினோடு பல் சேர்க்கும் பெண்டிக்ஸ் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இங்கே சொல்வது 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசடருக்கும், அதே நிறுவனத்தின் சிறிய எஞ்சின் உள்ள மோரிஸ் மைனருக்கும் பொருந்தும். இவற்றில் இருப்பது லூகாஸ் எம்35ஜி வகை மோட்டார். இந்தியாவில் லூகாஸ் மோட்டார்களைச் செய்தது சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். உடலில் பொறித்திருக்கும் எழுத்தை முதலில் படியுங்கள். 35 என்பது மூன்றரை அங்குல விட்டத்தைக் குறிக்கிறது. எம்418ஜி என்றிருந்தால் அது 4⅛ அங்குல மோட்டார். வேலை முறை ஏறக்குறைய ஒன்றே, ஆனால் கார்பனும் ஸ்பிரிங்கும் வேறு. பின்னால் வந்த இசுசு எஞ்சின் அம்பாசடரில் சோலனாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அது வேறு வகை. அதற்கு இந்தக் குறிப்பு உதவாது.

மோட்டார் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் கோளாறு தானாகப் புரியும். இதில் பினியனை (சிறு பல்சக்கரம்) தள்ளிவிட ஃபோர்க் எதுவும் கிடையாது. மரை வெட்டிய ஸ்லீவ் ஒன்றின் மேல் பினியன் தளர்வாக நிற்கிறது. ஆர்மேச்சர் திடீரென வேகமெடுக்கும்போது பினியன் தன் எடையால் பின்தங்கி, மரை வழியே நகர்ந்து ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமான ரிங்கில் போய்ப் பல் சேர்கிறது. அந்த அடியைத் தாங்கத்தான் தடித்த மெயின் ஸ்பிரிங். எஞ்சின் பிடித்ததும் ரிங்கின் வேகம் கூடி, பினியனைத் திருகி வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். ஆக, ஸ்லீவ் சுத்தமாக இல்லாவிட்டாலும் ஆர்மேச்சர் சட்டென வேகமெடுக்காவிட்டாலும் பல் சேராது.

கழற்றுவதற்கு முன்

மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு மல்டிமீட்டரோடு பத்து நிமிடம் செலவிடுங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் பிடிக்காது. இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். பேட்டரி முனையில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சரிசெய்யுங்கள். அது நன்றாக இருந்தால், எர்த் அல்லாத பேட்டரி முனைக்கும் மோட்டார் டெர்மினலுக்கும் இடையே அளங்கள். அடுத்து எர்த் முனைக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே அளங்கள். இரண்டில் எதிலாவது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள், லக், சோலனாய்டு, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. எஞ்சின் ரப்பர் மவுண்டில் நிற்பதால் அந்த எர்த் பட்டை அறுந்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் போகப் பார்க்கும். சோக் கேபிள் சுடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

மீட்டர் இல்லையென்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கி, மோட்டார் சுற்றாவிட்டால் கரண்ட் போகிறது. பினியன் சிக்கியிருக்கிறது அல்லது மோட்டாருக்குள் ஷார்ட். லைட் மங்கவே இல்லையென்றால் கரண்ட் மோட்டாருக்குள் நுழையவில்லை. சுவிட்ச், சோலனாய்டு, அல்லது கம்யூடேட்டரைத் தொடாத கார்பன் என்று தேடுங்கள். லூகாஸ் சோலனாய்டுகள் பலவற்றில் ரப்பர் மூடிய பொத்தான் ஒன்று இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து அதைக் கையால் அழுத்தினால் மோட்டார் சுற்றுகிறதென்றால் கோளாறு சாவிப் பக்கம் இருக்கிறது.

பினியன் ரிங்கில் சிக்கிக்கொண்டால் மோட்டாரைக் கழற்றத் தேவையில்லை. மோட்டாரின் பின்முனையில் ஒரு சிறு தகர மூடி இருக்கும். அதை எடுத்தால் ஷாஃப்டின் சதுர முனை தெரியும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பினியன் விடுபடும். அல்லது இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தாலும் வரும். அடிக்கடி சிக்கினால் பல் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரை இறக்குதல்

பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். மோட்டார் கேபிள் சோலனாய்டு வரை மட்டுமே அணைந்திருக்கும். சோலனாய்டின் மறுமுனையில் பேட்டரி எப்போதும் உயிரோடுதான் இருக்கும். நட்டில் ஸ்பேனர் வழுக்கி பாடியில் பட்டால் கேபிளே பழுக்கும்.

இந்த எஞ்சின்களில் அங்குல போல்ட்கள்தான். மோட்டாரை கியர்பாக்ஸ் பக்கத் தகட்டில் பிடிக்கும் இரண்டு போல்ட்டுக்கும் 9/16 ஸ்பேனர், மற்றவற்றுக்கு 1/2 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். 14 மி.மீ. ஸ்பேனரைத் திணித்தால் தலை உருண்டுவிடும். கீழ் போல்ட்டை வண்டிக்கு அடியிலிருந்துதான் எட்ட முடியும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் ஃபில்டரும் அதே பக்கம் இருப்பதால், சில வண்டிகளில் அவற்றில் ஒன்றைக் கழற்றினால்தான் மோட்டாரை வெளியே எடுக்க வழி கிடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை எடுப்பதாக இருந்தால் உடலிலும் எஞ்சினிலும் கோடு கிழித்து, ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்த பிறகே எடுங்கள்.

திறத்தல், கார்பன்

உடலின் பின்பக்கம் சுற்றியிருக்கும் தகரப் பட்டையைத் தளர்த்தி நகர்த்துங்கள். உள்ளே ஜன்னல்கள், அவற்றின் வழியே நான்கு கார்பனும் தெரியும். இப்போதே ஒரு சோதனை செய்யலாம்: ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடித்து, கார்பனின் செம்புக் கம்பிப் பின்னலை மெல்ல இழுத்தால் கார்பன் தன் கூட்டுக்குள் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். சிக்கினால் தேய்வு காரணமாக இருக்காது, அழுக்குதான். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, பக்கவாட்டை மென்மையான அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். எடுத்த கார்பனை எடுத்த கூட்டிலேயே திரும்பப் போடுங்கள்.

கார்பன் நீளம் 8 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டாலோ, தேய்ந்த முகத்தில் செம்புப் பின்னல் எட்டிப் பார்த்தாலோ மாற்ற வேண்டும். ஒன்று தேய்ந்தாலும் நான்கையும் மாற்றுங்கள். ஸ்பிரிங் இழுவிசையையும் அளந்துவிடுங்கள்: எம்35ஜிக்கு 15 முதல் 25 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 425 முதல் 710 கிராம். சிறிய ஸ்பிரிங் தராசின் கொக்கியை ஸ்பிரிங் நுனியில் மாட்டி, கார்பனை விட்டு எழும் கணத்தில் முள் காட்டுவதைப் படியுங்கள். நீலம் பாய்ந்த ஸ்பிரிங் ஒருமுறை சூடேறி வலுவிழந்தது. அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

நான்கு கார்பனையும் தூக்கிவிட்டு, டெர்மினல் நட்டையும் வாஷர்களையும் வரிசை மாறாமல் எடுத்து வையுங்கள். இரண்டு நீள போல்ட்டைக் கழற்றினால் பின்மூடி வந்துவிடும். முன்மூடி ஆர்மேச்சரோடும் பெண்டிக்ஸோடும் சேர்ந்து வரும். ஷாஃப்டில் இருக்கும் மெல்லிய வாஷர்களைத் தொலைத்துவிடாதீர்கள். ஆர்மேச்சரின் முன்பின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துபவை அவைதான்.

இரண்டு கார்பன் பின்மூடியில் எர்த் ஆகியிருக்கும், மற்ற இரண்டு ஃபீல்டு காயிலில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். சின்ன ரேடியோ சால்டரிங் அயர்ன் இதற்கு ஆகாது. 100 வாட் அல்லது அதற்கு மேல் வேண்டும். சூடு போதாமல் வைத்த ஒட்டு, 300 ஆம்பியருக்கு மேல் பாயும்போது உருகிக் கழன்றுவிடும். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், ரோசின் போதும். பின்னலை ஒட்டும் இடத்துக்குச் சற்று மேலே மூக்குக் குறடால் கவ்விப் பிடித்துக்கொண்டு ஈயம் வையுங்கள். பிடிக்காவிட்டால் ஈயம் பின்னலுக்குள் ஏறி அதைக் கம்பிபோல் விறைக்கச் செய்யும். விறைத்த பின்னலில் கார்பன் கீழே இறங்காது. சில பிற்கால மோட்டார்களில் ஃபீல்டு காயில் அலுமினியப் பட்டையால் ஆனது. அதில் ஈயம் ஒட்டாது. பழைய பின்னலை 6 மி.மீ. விட்டு வெட்டி, அந்த மிச்சத்தில் புதியதை ஒட்ட வேண்டும். காயில் பக்கக் கார்பன்களின் பின்னல் உடலில் உரசாதபடி இன்சுலேஷன் ஸ்லீவ் போட மறக்காதீர்கள். அசல் அளவில் வரும் கார்பனின் முகம் வளைவாகவே செய்யப்பட்டிருக்கும், உப்புத்தாள் வைத்துப் படியவைக்கத் தேவையில்லை.

கம்யூடேட்டர்: மைக்காவை வெட்டாதீர்கள்

இந்த மோட்டார்களை அதிகம் கெடுப்பது ஒரு நல்ல பழக்கம்தான். டைனமோவில் கம்யூடேட்டரின் செம்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள மைக்காவைப் பள்ளமாக வெட்டுவார்கள். அங்கே அது சரி. அதே கையோடு செல்ஃப் மோட்டாரிலும் ஹேக்ஸா பிளேடை இழுத்துவிடுகிறார்கள். எம்35ஜியில் மைக்காவை வெட்டவே கூடாது என்று பி.எம்.சி. ஒர்க்‌ஷாப் மேனுவலே கண்டிப்பாகச் சொல்கிறது. இந்தக் கார்பனில் செம்புக் கலப்பு அதிகம். பள்ளம் இருந்தால் அந்தத் தூள் போய் அடைந்து, அடுத்தடுத்த துண்டுகளை ஷார்ட் ஆக்கும்.

கறுத்திருந்தால் பெட்ரோல் துணியால் துடையுங்கள். போகாவிட்டால் மெல்லிய கண்ணாடித்தாளை உபயோகியுங்கள். எமரி வேண்டாம், அதன் தூள் கரண்டைக் கடத்தும், செம்பிலும் பதிந்துகொள்ளும். மேடுபள்ளமாகிவிட்டால் லேத்தில் கூர்மையான டூலால் மெல்லிய ஒரு வெட்டு, முகம் சுத்தமாகும் அளவுக்கு மட்டும். பிறகு காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள்.

ஆர்மேச்சரின் இரும்புப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கீறியிருந்தால் அது போல்ஷூவில் உரசிய தடம். புஷ் போய்விட்டது அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அந்த இரும்பை லேத்தில் கடைந்து இடைவெளி உண்டாக்க வேண்டாம், வளைந்த ஷாஃப்டைத் தட்டி நிமிர்த்தவும் வேண்டாம். இரண்டுமே மேனுவல் தடுக்கும் வேலைகள். உடலின் உட்புறத்தில் ஈயத் துளிகள் தெறித்திருந்தால் ஆர்மேச்சர் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது அல்லது அளவுக்கு மீறிச் சுற்றியிருக்கிறது. எஞ்சின் பிடித்த பிறகும் சாவியை விடாமல் பிடித்தால் நடப்பது இது.

டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை ஷாஃப்டிலும் மறுமுனையைக் கம்யூடேட்டரின் ஒவ்வொரு துண்டிலும் வையுங்கள். எங்கும் எரியக் கூடாது. சுற்றுகளுக்குள்ளேயே உள்ள ஷார்ட்டை லாம்பும் மீட்டரும் காட்டாது. அதற்கு வைண்டிங் கடையில் உள்ள குரோலரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபீல்டு காயிலுக்கும் இதே: டெர்மினலுக்கும் கார்பன் ஒட்டிய முனைக்கும் இடையே எரிய வேண்டும், உடலுக்கும் காயிலுக்கும் இடையே எரியக் கூடாது. காயில் மாற்ற வேண்டியிருந்தால் போல்ஷூ ஸ்க்ரூவைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் அசைக்க முடியாது. வைண்டிங் கடைக்கே கொடுத்துவிடுவது நல்லது.

புஷ்

ஷாஃப்டைப் புஷ்ஷில் நுழைத்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பினியன் பக்கப் புஷ்ஷைத்தான் பலரும் பார்ப்பார்கள். கார்பன் பக்கப் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இது நுண்துளை உள்ள வெண்கலப் புஷ். ஆயில் விடும் துளை கிடையாது, தன் துளைகளில் தேக்கிய ஆயிலால்தான் அது வாழ்கிறது. ஆகவே புதுப் புஷ்ஷைப் போடும் முன் 24 மணி நேரம் மெல்லிய எஞ்சின் ஆயிலில் முழுதாக ஊறவிட வேண்டும். அவசரமென்றால் ஆயிலை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி 2 மணி நேரம் வைத்து, புஷ் ஆயிலுக்குள்ளேயே ஆறிய பிறகு எடுக்கலாம். கடையில் வாங்கிய கையோடு உலர்ந்த புஷ்ஷை அடித்து ஏற்றினால் அது சீக்கிரமே கத்தத் தொடங்கும்.

பழையதை மூடியிலிருந்து நேராக அழுத்தி வெளியேற்றுங்கள். புதியதை ஏற்ற, ஷாஃப்ட் அளவுக்கே கடைந்து பாலிஷ் செய்த படி வைத்த மாண்ட்ரல் (ஏற்றும் தண்டு) வேண்டும். புஷ்ஷின் உள்ளே மாண்ட்ரலின் மெல்லிய பகுதி நிரம்பியிருப்பதால் அழுத்தும்போது துளை சுருங்காது. லேத் கடையில் இதைச் சொன்னால் சிறிது நேரத்தில் கடைந்து தருவார்கள். சாக்கெட் வைத்துச் சுத்தியால் அடித்தால் புஷ் நசுங்கும், பிறகு ஷாஃப்ட் நுழையாது, உடனே ரீமர் தேடுவார்கள். ரீமரோ உப்புத்தாளோ உள்ளே போனால் நுண்துளைகள் அடைபட்டு ஆயில் வராது. அந்தப் புஷ் வீண். இறுக்கமாகிவிட்டால் இன்னொன்றை வாங்கிப் போடுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, கொழும்பில் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் இவை கிடைக்கும். பழைய புஷ்ஷையும் ஷாஃப்ட் அளவையும் கையோடு கொண்டுபோங்கள்.

பெண்டிக்ஸ்

மோட்டார் விர்ரென்று சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால், பெரும்பாலும் ஸ்லீவில் அழுக்கு இறுகியிருக்கும். இந்த எஞ்சின்களின் பின்பக்க மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் இல்லை; ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைப் பள்ளம் மட்டுமே. எஞ்சின் தேயத் தேய அங்கே ஆயில் கசியும். அது கிளட்ச் தூளோடு சேர்ந்து ஸ்லீவில் பசையாக ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, முழுதாக உலரவிடுங்கள். கழுவிய பிறகு கிரீஸோ ஆயிலோ போட வேண்டாம். ஈரம் இருந்தால் தூள் மறுபடி ஒட்டும். பினியன் தன் எடையிலேயே மரை வழியே சுழன்று இறங்க வேண்டும்.

மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் இதே அறிகுறி, கூடவே கடகட சத்தம் வரும். ஷாஃப்ட் முனையில் ஸ்பிளிட் பின்னும் நட்டும் இருக்கலாம், அல்லது சர்க்ளிப் இருக்கலாம். சர்க்ளிப் இருந்தால் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி கட்டாயம். வைஸில் பிடித்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஸ்பிரிங் முகத்தை நோக்கித்தான் பாயும். பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

புதுப் பினியன் வாங்கும்போது பல்லை எண்ணுங்கள். 9 பல்லும் உண்டு, 10 பல்லும் உண்டு. மாற்றிப் போட்டால் ரிங் கெடும். ஸ்பிரிங் திரும்பத் திரும்ப உடைந்தால் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். அட்வான்ஸ் அதிகமானால் எஞ்சின் பின்னால் உதைக்கும், அந்த உதை முழுவதும் ஸ்பிரிங்கில்தான் விழும்.

மோட்டார் வெளியே இருக்கும்போது அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து, எஞ்சினைக் கையால் சுற்றியபடி ரிங் பற்களைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்பது எப்போதும் ஏறக்குறைய இரண்டே இடங்களில். எதிரெதிரான அந்த இரண்டு இடத்துப் பற்கள்தான் முதலில் தேயும். நுனி மட்டும் மழுங்கியிருந்தால் ஓட்டலாம். பாதிப் பல் போயிருந்தால் எத்தனை பினியன் போட்டாலும் நிற்காது. கியர்பாக்ஸ் இறக்கி ரிங் மாற்ற வேண்டும். புது ரிங்கை 300 முதல் 400 டிகிரி வரை, இளநீலம் தெரியும் வரை சமமாகச் சூடாக்கி ஏற்றுவது முறை. அதற்கு மேல் போனால் பல்லின் பதம் போய்விடும். பல்லின் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பழையதை உடைக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள்.

பூட்டுதல், ஓட்டிப் பார்த்தல்

நான்கு கார்பனையும் கூட்டில் மேலே தூக்கி, ஸ்பிரிங் நுனியைக் கார்பனின் பக்கவாட்டில் அழுந்தவிடுங்கள். அது கார்பனை அங்கேயே பிடித்துக்கொள்ளும். பின்மூடி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியே கொக்கிக் கம்பியால் ஸ்பிரிங்கைத் தூக்கி, கார்பனை இறக்கி, அதன் தலைமேல் விடுங்கள். டெர்மினலின் இன்சுலேட்டிங் வாஷர்கள் இடம் மாறினால் முதல் அடியிலேயே நேரடி ஷார்ட் என்பதால் அதை இருமுறை பாருங்கள். நீள போல்ட்டை இறுக்கியதும் ஷாஃப்ட் கையில் லேசாகச் சுற்ற வேண்டும்.

மோட்டாரை வைஸில் இறுகப் பிடித்து, உடலுக்கு ஒரு ஜம்பர் கேபிள், டெர்மினலுக்கு இன்னொன்று. சில விநாடி போதும். கரண்ட் வந்த கணமே உடல் துள்ளும், பினியன் பாயும். விரல் அருகில் இருக்கக் கூடாது. கார்பனில் மெல்லிய பொறி வந்தால் பரவாயில்லை, வளையமாகத் தீப்பொறி சுற்றினால் ஆர்மேச்சரை மறுபடி சோதியுங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். இது சீரிஸ் மோட்டார் என்பதால் எந்த முனையைக் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டியிலும் இதில் எதையும் மாற்ற வேண்டாம்.

வண்டியில் ஏற்றும் முன் மோட்டாரின் முகத்தையும் எஞ்சின் தகட்டின் முகத்தையும் பெயிண்டும் துருவும் போகச் சுரண்டுங்கள். மோட்டாரின் எர்த் அந்த முகம் வழியாகத்தான். போல்ட்டை இறுக்கி, கேபிளைப் பூட்டி, பேட்டரி எர்த்தைக் கடைசியாக மாட்டுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். எஞ்சின் பிடிக்காவிட்டால் ஃபிளைவீல் முழுதாக நிற்கும் வரை காத்திருந்து அடுத்த அடி அடியுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ரிங்கில் பினியன் மோதினால் இரண்டின் பல்லும் ஒரே அடியில் போகும்.